லவுஞ்ச் வாசலில் குழந்தைக்கு எத்தனை வயது?

பதின்மூன்று வயதுப் பையனோடு விமானத்தில் போகும் பெற்றோர் ஒரு வேடிக்கையைக் கவனித்திருக்கலாம். விமான நிறுவனத்தின் கணக்கில் அவன் பெரியவன். டிக்கெட் விதிகளில் 2 வயது நிறையும்வரை கைக்குழந்தை, 12 நிறையும்வரை சிறுவர், அதற்குமேல் எல்லாரும் பெரியவர்கள். அதே பையன் நியூயார்க்கில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் லவுஞ்சின் வாசலில் நின்றால், 18 ஆகும்வரை குழந்தை. டெல்டாவின் லவுஞ்சுக்குப் போனால் 21 வரைக்கும் சலுகை நீள்கிறது. நம் ஊரில் கட்டணம் வாங்கி உள்ளே விடும் லவுஞ்சுகள் பலவற்றில் 12 முடிந்தவுடன் பெரியவர் கட்டணம்தான். சரி, அவன் பெயரில் ஒரு கிரெடிட் கார்டு வாங்கிவிடலாமே என்றால், 18 ஆகட்டும் என்கிறது வங்கி. கார்டு கேட்டால் சிறுவன், காசு என்று வந்தால் பெரியவன்.

லவுஞ்ச் விதிகளைப் பற்றிய குழப்பமெல்லாம் இந்த வயதுக் கோடுகளில்தான் இருக்கிறது என்று பொதுவாக நினைக்கிறோம். கோடுகளை விட, அவற்றைக் கிழிப்பவர்கள் யார் என்பதுதான் முக்கியம். ஒரு குடும்பம் லவுஞ்சுக்குள் போவதை நான்கு தரப்புகள் தீர்மானிக்கின்றன: லவுஞ்சை நடத்துபவர், விமான நிறுவனம், கார்டு கொடுத்த வங்கி, இவர்களுக்கு நடுவில் இருக்கும் இடைத்தரகு நிறுவனம். நான்கு பேருக்கும் நான்கு விதிப் புத்தகங்கள். அவற்றில் எது நமக்குச் சாதகமில்லையோ அதுதான் வாசலில் செல்லுபடியாகும். இந்த விதிகள் எதுவும் குழந்தையின் தேவையைப் பார்த்து எழுதப்பட்டவை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உள்ளே இருக்கும் நாற்காலிக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்ற கணக்குதான் அவற்றை எழுதியிருக்கிறது.

லவுஞ்ச் என்ற ஏற்பாடே குழந்தைகளை நினைத்துத் தொடங்கியதில்லை. 1939-இல் நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் திறந்த அட்மிரல்ஸ் கிளப்தான் விமான நிறுவன லவுஞ்சுகளில் முதலாவது. அந்த நிறுவனத்தின் தலைவர் சி. ஆர். ஸ்மித் காலத்து ஏற்பாடு அது. ஆரம்பத்தில் பணம் கொடுத்துச் சேர முடியாது. நிறுவனம் யாரை அழைக்கிறதோ அவர்தான் உறுப்பினர். அரசியல்வாதிகள், தொழிலதிபர்கள், அடிக்கடி பறக்கும் வணிகர்கள். மனைவியும் பிள்ளைகளும் எப்போதாவது கூட வந்தால் அவர்களையும் உள்ளே விடுவதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. அறையில் இடம் இருந்தது. பின்னாளில் ஆண்டுக் கட்டணம் கட்டி உறுப்பினராகும் முறை வந்தபோதும் அந்தப் பழைய மரியாதை விதியாகத் தங்கிவிட்டது: உறுப்பினர் தன் கணவன் அல்லது மனைவியையும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் அழைத்துவரலாம், இல்லையென்றால் வேறு இரண்டு பேரை அழைத்துவரலாம். பிள்ளைகள் இரண்டா நான்கா என்று எண்ணுவதில்லை. குடும்பம் என்பது ஒரே அலகு.

இந்த விதி நல்ல விதிதான். ஆனால் இதில் ஒளிந்திருக்கும் குடும்பம் அமெரிக்கப் புறநகர் வீட்டுக் குடும்பம். தாத்தா பாட்டிக்கு அதில் இடமில்லை. டெக்சஸில் வேலை பார்க்கும் மகள், ஊரிலிருந்து வந்த அம்மாவையும் அப்பாவையும் தன் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு உள்நாட்டு விமானம் ஏறினால், விதியின்படி அவள் தேர்ந்தெடுக்க வேண்டும்: பிள்ளைகளை அழைத்துப்போவதா, பெற்றோரையா? மூன்று தலைமுறை சேர்ந்து பயணம் செய்வது நமக்கு வழக்கம். சக்கர நாற்காலியில் பாட்டி, மடியில் பேரன். அந்தக் கூட்டத்தில் யாருக்கு லவுஞ்ச் அதிகம் தேவையோ அவர்தான் 'குடும்பம்' என்ற வரையறைக்கு வெளியே நிற்கிறார். பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகும் பாட்டியே உறுப்பினராக இருந்தாலும் இதே கதைதான். பேரன் அவளுக்குப் பிள்ளை அல்ல, விருந்தினர்.

1990-களில் ஆட்டம் மாறியது. 1992-இல் தொடங்கிய பிரையாரிட்டி பாஸ், எந்த விமான நிறுவனத்தில் பறந்தாலும் ஒரே அட்டையைக் காட்டி வெவ்வேறு லவுஞ்சுகளுக்குள் போகலாம் என்ற வியாபாரத்தைக் கொண்டுவந்தது. 1998-இல் ஹாங்காங்கில் பிளாசா பிரீமியம், விமான நிறுவனத்தோடு சம்பந்தமில்லாமல் யார் வேண்டுமானாலும் காசு கொடுத்துப் போகக்கூடிய லவுஞ்சை நடத்தத் தொடங்கியது. சாதாரண வகுப்பில் பறக்கும் நமக்கெல்லாம் இந்தக் கதவு திறந்தது இவர்களால்தான். அதே சமயம் குடும்பம் என்ற அலகு உடைந்ததும் இங்கேதான். இந்த முறையில் ஒவ்வொரு தலைக்கும் ஒரு விலை. அட்டைதாரர் ஒருவர் உள்ளே போனால் லவுஞ்சை நடத்துபவருக்கு இன்ன தொகை. கூட ஒருவர் வந்தால் இன்னொரு தொகை. கூட வருபவர் ஐந்து வயதுக் குழந்தையானாலும் தொழிலதிபரானாலும் கணக்குப் புத்தகத்தில் 'விருந்தினர் ஒன்று'தான்.

பிரையாரிட்டி பாஸ் பட்டியலைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு லவுஞ்சின் கீழும் குழந்தைகளைப் பற்றி ஒரு வரி இருக்கும். 2 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம் என்று பல; சில இடங்களில் 5, சில இடங்களில் 6, தாராளமான ஒன்றிரண்டில் 12. எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டணம் உண்டு என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்வதும் உண்டு. ஒரே விமான நிலையத்தில், இரண்டு வாசல் தள்ளியிருக்கும் இரண்டு லவுஞ்சுகளில் விதி வேறாக இருக்கும். அட்டை கொடுத்த நிறுவனம் இதை நிர்ணயிப்பதில்லை. லவுஞ்சை நடத்துபவர் நிர்ணயிக்கிறார். ஆகவே வங்கியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து "என் மூன்று வயதுப் பெண்ணை விடுவார்களா?" என்று கேட்டால் கிடைக்கும் பதிலுக்கு வாசலில் மதிப்பில்லை. பட்டியலில் அந்த லவுஞ்சுக்கு எதிரே எழுதியிருக்கும் அந்த ஒரு வரிக்குத்தான் மதிப்பு.

ஏறக்குறைய உலகம் முழுதும் ஒப்புக்கொண்ட ஒரே கோடு 2 வயது. இதற்குக் காரணம் தாய்ப்பாலோ தூக்கமோ அல்ல. மடியில் உட்காரும் குழந்தைக்கு விமானத்தில் இருக்கை கிடையாது. இருக்கை இல்லாதவருக்கு லவுஞ்சிலும் நாற்காலிக் கணக்கு இல்லை. டிக்கெட் விதியை அப்படியே எடுத்து வாசலில் ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் குழந்தை வளர்த்த எவருக்கும் தெரியும், லவுஞ்சில் இடம், வெந்நீர், துணி மாற்ற ஒரு மேசை என்று அதிகம் கேட்பது அந்த ஒன்றரை வயதுதான். அதிகம் சாப்பிடாமல் அதிகம் தொந்தரவில்லாமல் கைபேசியில் மூழ்கியிருக்கும் பத்து வயதுக்கு முழுக் கட்டணமோ அரைக் கட்டணமோ வாங்குகிறார்கள்.

கடந்த பத்தாண்டுகளில் இந்த விதிகள் எந்தப் பக்கம் போகின்றன என்பதை அறிய அமெரிக்காவைப் பார்த்தால் போதும். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தன் செஞ்சூரியன் லவுஞ்சுகளில் முதலாவதை 2013-இல் லாஸ் வேகாஸில் திறந்தது. நல்ல சமையல், நல்ல மது, சில இடங்களில் குழந்தைகளுக்கென்று தனி அறை. அப்போது பிளாட்டினம் அட்டைக்காரர் தன் குடும்பத்தை, அல்லது இரண்டு விருந்தினரை அழைத்துவரலாம். கூட்டம் கூடியது. 2017-இல் 'குடும்பம்' என்ற சொல் விதியிலிருந்து போய், வெறும் 'இரண்டு விருந்தினர்' மிஞ்சியது. இரண்டு பிள்ளைகளும் மனைவியும் உள்ள ஒருவருக்கு அன்றே ஒரு நாற்காலி குறைந்துவிட்டது. 2023 பிப்ரவரி 1 முதல் அந்த இரண்டு பேரும் போனார்கள். பெரியவருக்கு 50 டாலர், 2 முதல் 17 வயது வரை 30 டாலர், 2 வயதுக்குக் கீழ் இலவசம். வயதுக்குச் சான்றும் காட்ட வேண்டும். ஆண்டுக்கு 75,000 டாலர் அந்த அட்டையில் செலவழிப்பவருக்கு மட்டும் பழைய இரண்டு விருந்தினர் சலுகை தொடர்கிறது. மனைவியையும், நான்கும் ஒன்பதும் வயதுள்ள இரு பிள்ளைகளையும் ஒரே அட்டையில் அழைத்துச் செல்பவருக்கு ஒருமுறை வாசல் தாண்ட 110 டாலர்.

மற்றவர்களும் அதே வழியில்தான் நடந்தார்கள். கேப்பிட்டல் ஒன் வங்கியின் லவுஞ்சுகள் விருந்தினரைத் தாராளமாக விட்டுவந்தன. 2026 பிப்ரவரி முதல் பெரியவருக்கு 45 டாலர், 17 வயது வரை 25 டாலர், அதே 75,000 டாலர் செலவுக்கு விலக்கு. யுனைடெட் 2025-இல் தன் உறுப்பினர் கட்டணத்தையே இரண்டாகப் பிளந்தது: தனி ஆளுக்கு ஆண்டுக்கு 750 டாலர், கூட ஆட்களை அழைத்துவர வேண்டுமானால் 1,400. டெல்டாவின் கதை இன்னும் சுவையானது. புறப்பட மூன்று மணி நேரத்துக்கு முன்னால் யாரையும் விடுவதில்லை என்று 2022-இல் விதி கொண்டுவந்தார்கள். 2023 செப்டம்பரில் அட்டைக்காரர்களின் வருகைக்கு வரம்பு விதிக்கப்போவதாக அறிவித்தபோது எழுந்த கூச்சலில் நிறுவனம் சற்றுப் பின்வாங்கியது. ஆனாலும் 2025 பிப்ரவரியில் வரம்பு வந்தேவிட்டது. குடும்பத்தை அழைத்துவரும் உரிமை அங்கே இன்னும் இருக்கிறது, அதுவும் 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வரை. தலைக்கு 50 டாலர்! கல்லூரிக்குப் போகும் பிள்ளையையும் குழந்தை என்று ஏற்றுக்கொள்வது பாசத்தினால் அல்ல என்பது புரிகிறதா? இத்தனை மாற்றத்துக்கும் நடுவில் அட்மிரல்ஸ் கிளப்பின் உறுப்பினர் மட்டும் இன்றும் மனைவியையும் 18-க்குட்பட்ட பிள்ளைகளையும் கட்டணமில்லாமல் கூட்டிப்போகலாம். எல்லாவற்றிலும் பழைய கிளப்பிடம்தான் பழைய மரியாதை மிச்சமிருக்கிறது.

விமான நிறுவனக் கூட்டணிகளின் விதி எளிமையானது; எளிமையினாலேயே கொடுமையானது. ஏர் இந்தியா 2014 முதல் உறுப்பினராக இருக்கும் ஸ்டார் அலையன்ஸில் தங்க நிலை பெற்றவர் தன்னோடு ஒரு விருந்தினரை அழைத்துவரலாம். ஒன்வேர்ல்டு கூட்டணியின் சஃபயர், எமரால்டு நிலைகளுக்கும், ஸ்கைடீமின் எலைட் பிளஸ் நிலைக்கும் அதே ஒன்றுதான். நால்வர் குடும்பத்தில் அப்பாவுக்கு மட்டும் தங்க அட்டை என்றால், இரண்டு பேர் உள்ளே, இரண்டு பேர் வெளியே. எந்த இரண்டு பேர் என்பதைக் கூட்டணி குடும்பத்தின் தீர்ப்புக்கே விட்டுவிடுகிறது. சில நிறுவனங்கள் தங்கள் சொந்த லவுஞ்சில் இதைத் தளர்த்துவதுண்டு. கூட்டணியின் வேறொரு நிறுவனத்து லவுஞ்சில் அந்தத் தளர்வை எதிர்பார்க்க முடியாது. பிசினஸ் வகுப்பு டிக்கெட் எடுத்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. டிக்கெட்தான் அனுமதிச் சீட்டு என்பதால் ஏழு வயதுக் குழந்தைக்கும் அதே உரிமை. பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அப்பா பிசினஸ் வகுப்பிலும் அம்மாவும் குழந்தைகளும் பின்னாலும் பறக்கும் குடும்பங்களும் உண்டு. அலுவலகம் வாங்கிக் கொடுத்த டிக்கெட் ஒன்றுக்குத்தானே! பிசினஸ் வகுப்புப் பயணிக்கு ஸ்டார் அலையன்ஸ் விதியில் விருந்தினர் உரிமை கிடையாது. அந்தக் குடும்பத் தலைவர் லவுஞ்சுக்குப் போகாமல் குடும்பத்தோடு வெளியே உட்கார்வதே வீட்டு அமைதிக்கு நல்லது.

இனி நம் ஊருக்கு வருவோம். இந்தியாவில் லவுஞ்ச் என்பது விமான நிறுவனத்தின் சலுகை அல்ல, கார்டின் சலுகை. நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனமான இண்டிகோவின் பயணிகளும் கார்டை நம்பித்தான் லவுஞ்சுக்குப் போகிறார்கள். ரூபே பிளாட்டினம் போன்ற சாதாரண டெபிட் கார்டுகூடக் காலாண்டுக்கு ஒருமுறை உள்நாட்டு லவுஞ்சுக்குள் விடும் என்றானபோது, சம்பளக் கணக்கு வைத்திருப்பவரெல்லாம் வரிசைக்கு வந்துவிட்டார்கள். நாட்டில் புழங்கும் கிரெடிட் கார்டுகளின் எண்ணிக்கை 2024 தொடக்கத்தில் 10 கோடியைத் தாண்டியது. வாசலில் கார்டைத் தேய்த்தால் இரண்டு ரூபாய் பிடிப்பார்கள்; தகுதி உண்டு என்று இயந்திரம் சொன்னால் உள்ளே போகலாம். மீதித் தொகையை லவுஞ்ச்காரருக்கு வங்கியோ கார்டு வலைப்பின்னல் நிறுவனமோ கொடுக்கும். இரண்டு ரூபாய்க்கு இட்லி, பொங்கல், காபி, சாய்வு நாற்காலி. இதை விட்டுவிட்டு வெளியே இருநூறு ரூபாய்க்குக் காபி குடிக்க யாருக்கு மனம் வரும்?

ஆனால் இந்த இரண்டு ரூபாய் விருந்து ஓர் ஆளுக்கு. கார்டில் உள்ள பெயரும் போர்டிங் பாஸில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான இடங்களில் விதி. பர்ஸில் நான்கு கார்டு வைத்திருக்கும் அப்பா, நான்கையும் தேய்த்து நான்கு பேரை உள்ளே கூட்டிப்போக முடியாது. நான்கும் அவர் பெயரில்தானே இருக்கின்றன. மனைவியின் பெயரில் ஆட்-ஆன் கார்டு, அதாவது துணைக் கார்டு, வாங்கலாம். அந்தக் கார்டுக்கு லவுஞ்ச் உரிமை உண்டா, இல்லை இருவருக்கும் சேர்த்து ஒரே எண்ணிக்கையா என்பது கார்டுக்குக் கார்டு மாறும். எச்டிஎஃப்சியின் இன்ஃபினியா போல உச்சாணிக் கொம்பில் இருக்கும் சில கார்டுகளில் ஆட்-ஆன் வைத்திருப்பவருக்கும் கணக்கில்லாத வருகை உண்டு. நடுத்தரக் கார்டுகளில் அந்தப் பேச்சில்லை. பிள்ளைகளுக்கோ ஆட்-ஆன் கார்டும் பொதுவாக 18 வயதுக்குப் பிறகுதான். ஆக, கிரெடிட் கார்டு வைத்துக்கொள்ள முடியாத குடும்ப உறுப்பினர் குழந்தை; லவுஞ்சோ கார்டு இல்லாதவரைக் கட்டணமில்லாமல் உள்ளே விடாது. 2 வயதுக்குட்பட்டவர் தப்பித்துக்கொள்வார். அதற்குமேல் 12 வயது வரை பல இடங்களில் சலுகைக் கட்டணம், அதற்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி. பெற்றோர் இருவரும் இரண்டிரண்டு ரூபாயில் உள்ளே போய்விட, பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்துக் கட்டும் தொகை வெளியே நால்வரும் சாப்பிடும் செலவை எட்டிப்பிடிக்கும்.

இதற்கு மேல் செலவு நிபந்தனைகள் வேறு வந்துவிட்டன. கூட்டம் பெருகப் பெருக வங்கிகளுக்குக் கை கடித்தது. எச்டிஎஃப்சி வங்கி 2023 டிசம்பர் முதல் ரெகாலியா, மில்லேனியா கார்டுகளுக்குக் காலாண்டில் ஒரு லட்சம் ரூபாய் செலவழித்தால்தான் லவுஞ்ச் என்றது. ஐசிஐசிஐ வங்கி 2024 ஏப்ரலில் பல கார்டுகளுக்கு முந்தைய காலாண்டில் 35,000 ரூபாய் என்று தொடங்கி, அந்த ஆண்டு நவம்பரிலேயே அதை 75,000 ஆக்கியது. ஆக்சிஸ் வங்கி 2024 மே மாதம் முதல் முந்தைய மூன்று மாதங்களில் 50,000 என்றது. குடும்பங்களுக்கு இதன் விளைவு என்ன? முன்பு கணவனிடம் ஒரு கார்டு, மனைவியிடம் ஒரு கார்டு இருந்தால் இரண்டு பேரும் போகலாம். இப்போது இரண்டு கார்டிலும் தனித்தனியே அந்தத் தொகையைச் செலவழித்திருக்க வேண்டும். மளிகை, பள்ளிக் கட்டணம், பெட்ரோல் எல்லாம் ஒரே கார்டில் போகும் வீட்டில் ஒருவருக்குத்தான் தகுதி வரும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது தேவைப்படும் லவுஞ்சுக்காக ஜனவரி முதல் மார்ச் வரை செலவைத் திட்டமிடச் சொல்கிறது வங்கி. இது சலுகையா, வீட்டுப்பாடமா?

இடைத்தரகர் விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். குருகிராமைச் சேர்ந்த டிரீம்ஃபோக்ஸ் நிறுவனம் இந்தியக் கார்டுகளின் லவுஞ்ச் வருகையில் பெரும்பங்கைத் தன் வழியே நடத்திவந்தது. 2022 செப்டம்பரில் பங்குச் சந்தைக்கும் வந்தது. 2024 செப்டம்பரில் திடீரென்று பல விமான நிலையங்களில் அதன் வழியே வந்தவர்களை லவுஞ்சுகள் திருப்பி அனுப்பின. விமான நிலையங்களை நடத்தும் குழுமங்களும் லவுஞ்ச் நடத்துபவர்களும் வங்கிகளோடு நேரடியாக ஒப்பந்தம் போடத் தொடங்க, 2025 செப்டம்பரில் டிரீம்ஃபோக்ஸ் உள்நாட்டு லவுஞ்ச் சேவையையே நிறுத்திக்கொண்டது. டெல்லி, ஐதராபாத்தில் என்கால்ம், சென்னையில் டிராவல் ஃபுட் சர்வீசஸ் என்று ஊருக்கு ஊர் நடத்துபவர் வேறு. அவரவர் ஒப்பந்தம், அவரவர் செயலி, அவரவர் வயதுக் கோடு. போகும்போது சென்னையில் செல்லுபடியான கார்டு திரும்பும்போது இன்னோர் ஊரில் செல்லாது என்றால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். "போகும்போது ஐஸ்கிரீம் கொடுத்தாங்களே" என்று கேட்கும் பிள்ளைக்கு வங்கி ஒப்பந்தத்தை எப்படி விளக்குவது?

உள்ளே போன பிறகு நிலவரம் எப்படி? குடும்பங்களை நினைத்துக் கட்டப்பட்ட லவுஞ்சுகள் உலகில் உண்டு. தோகாவில் கத்தார் ஏர்வேஸின் அல் முர்ஜான், இஸ்தான்புல்லில் துருக்கி ஏர்லைன்ஸின் லவுஞ்ச், துபாயில் எமிரேட்ஸின் லவுஞ்சுகள் ஆகியவற்றில் குழந்தைகளுக்குத் தனி விளையாட்டுப் பகுதி உண்டு. இந்த மூன்று ஊர்களுமே நள்ளிரவில் விமானம் மாறும் ஊர்கள் என்பது தற்செயல் அல்ல. ஆறு மணி நேரம் காத்திருக்கும் குடும்பத்தைக் கவனிக்காவிட்டால் அது அடுத்தமுறை வேறு ஊர் வழியாகப் போய்விடும். போட்டி இருக்கும் இடத்தில் குழந்தைக்கு மதிப்பு இருக்கிறது. இந்தியாவின் உள்நாட்டு லவுஞ்சுக்கு அந்தக் கவலை இல்லை; பாதுகாப்புச் சோதனை தாண்டியவர் வேறெங்கும் போக முடியாது. இங்கே பெரும்பாலும் நீளமான ஒரு கூடம், ஓரத்தில் சாப்பாடு, தனித்தனி நாற்காலிகள். நான்கு பேர் சேர்ந்து உட்காரும் இடம் கிடைப்பதே அபூர்வம். வெந்நீர் கேட்டால் கொடுப்பார்கள். பால் பாட்டிலைக் கழுவ இடம் கேட்டால் கழிப்பறையைக் காட்டுவார்கள்.

குழந்தைகள் லவுஞ்சைச் சந்தைக்கடை ஆக்குகிறார்கள் என்ற குறையும் அடிக்கடி காதில் விழுகிறது. குழந்தைகளையே விடாத, பெரியவர்களுக்கு மட்டுமான லவுஞ்சுகள் பிரிட்டனில் நடக்கின்றன. அது ஒரு வியாபார முடிவு. முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்தால் தவறில்லை. ஆனால் நம் லவுஞ்சுகளில் ஒலிபெருக்கி போட்டு வீடியோ பார்ப்பவர்களும், வீட்டு முற்றத்தில் நிற்பதுபோல் போனில் வியாபாரம் பேசுபவர்களும் பெரும்பாலும் நாற்பது வயதைத் தாண்டியவர்கள். சத்தம்தான் பிரச்சினை என்றால் வயதுக் கோட்டினால் அது தீராது.

லவுஞ்சுக்கு ஏன் இத்தனை மோதல் என்று பின்னோக்கிக் கேட்டால், வெளியே குடும்பம் உட்கார்ந்து சாப்பிட வழியில்லை என்பதில் போய் நிற்கும். சிங்கப்பூர் சாங்கி நிலையத்தில் பயணிகள் கூடங்களிலேயே குழந்தைகள் ஏறி விளையாட இடங்கள் இருக்கின்றன. ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் நிலையத்தில் கைக்குழந்தையைக் குளிப்பாட்டவும் தூங்கவைக்கவும் தனி அறை இருக்கிறது. கட்டணமோ கார்டோ கேட்பதில்லை. அந்த ஊர்களில் லவுஞ்ச் கிடைக்காத குடும்பம் பெரிதாக எதையும் இழப்பதில்லை. நம் நாட்டில் இந்திய விமான நிலையங்கள் ஆணையம் 2024 டிசம்பரில் கொல்கத்தாவிலும் 2025 பிப்ரவரியில் சென்னையிலும் திறந்த உடான் யாத்ரி கஃபேக்கள் இந்தத் திசையில் ஒரு நல்ல அடி. தேநீர் 10 ரூபாய், காபி 20, சமோசா 20. நால்வர் குடும்பம் இருநூறு ரூபாய்க்குள் பசியாறலாம். இரண்டு பிள்ளைகளுக்கான லவுஞ்ச் கட்டணத்தோடு ஒப்பிட்டால் எது குடும்பச் சலுகை என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

விமானம் தாமதமானால் இன்னொரு வழியும் இருக்கிறது. பலர் அதைக் கேட்பதே இல்லை. இரண்டரை மணி நேரம் வரை பறக்கும் உள்நாட்டு விமானம் இரண்டு மணி நேரத்துக்குமேல் தாமதமாகும் என்று தெரிந்தால், நேரத்தோடு வந்து காத்திருக்கும் பயணிகளுக்கு உணவும் சிற்றுண்டியும் விமான நிறுவனமே தர வேண்டும் என்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. இதில் கார்டுக்கும் வயதுக்கும் வேலையில்லை. டிக்கெட் உள்ள குழந்தைக்கும் உண்டு. லவுஞ்ச் வரிசையில் நிற்பதற்கு முன் நிறுவனத்தின் மேசையில் போய்க் கேளுங்கள்.

இதே இயக்குநரகம் 2024 ஏப்ரலில், ஒரே முன்பதிவில் வரும் 12 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெற்றோரில் ஒருவருக்கு அருகில் உட்கார வைக்க வேண்டும் என்று விமான நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. விமானத்துக்குள் குடும்பத்தைப் பிரிக்கக் கூடாது என்று அரசு ஏற்றுக்கொண்டுவிட்டது. விமானத்துக்கு வெளியே லவுஞ்ச் வாசலில் மட்டும் பிரிப்பது எல்லாருடைய சம்மதத்தோடும் நடக்கிறது. லவுஞ்ச் தனியார் வியாபாரம், அதில் அரசு எதற்கு என்று கேட்கலாம். விலையை நிர்ணயிக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கூடங்கள் இருப்பது பொது விமான நிலையத்தில், உரிமம் கொடுத்து வாடகை வாங்குவது நிலையத்தை நடத்துபவர். ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்ப்பது அவர்களுக்குக் கடினமில்லை.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு என் கருத்து இது. லவுஞ்சுக்காக மட்டும் ஒரு கார்டு வாங்காதீர்கள். இந்தியக் கார்டுகளின் லவுஞ்ச் சலுகை தனியாகப் பறக்கும் அலுவலருக்கு ஏற்றது, பிள்ளைகுட்டியோடு போகிறவருக்கு அது பாதிச் சலுகை. ஏற்கெனவே கார்டு இருந்தால், வீட்டுச் செலவை இரண்டு கார்டாகப் பிரித்துத் தகுதி தேடுவதைவிட, மனைவிக்கு ஆட்-ஆன் கார்டில் தனி எண்ணிக்கை தரும் ஒரே கார்டில் செலவைச் சேர்ப்பது மேல். பிள்ளைகளின் ஆதார் நகலைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். வயதைப் பற்றிய வாதம் அதோடு முடிந்துவிடும். மூன்று மணி நேரத்துக்குக் குறைவான காத்திருப்புக்கு, இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பம் காசு கொடுத்து லவுஞ்சுக்குப் போவது எந்தக் கணக்கிலும் கட்டுப்படியாகாது. வெளிநாட்டில் நள்ளிரவு இடைத்தங்கலுக்கு மட்டும் அது கொடுத்த காசுக்குத் தகும்.

விமான நிலையங்கள் ஆணையத்தையும் தனியார் நிலையங்களை நடத்துபவர்களையும் கேட்பது இரண்டே இரண்டு. எந்த வயதுக்கு எவ்வளவு, எந்தக் கார்டுக்கு எத்தனை பேர் என்பதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒவ்வொரு லவுஞ்சின் வாசலிலும் ஒரு பலகை வைக்கச் சொல்லுங்கள். பெற்றோரில் ஒருவர் கார்டில் உள்ளே போனால், கூட வரும் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கட்டணமில்லாமல் விட வேண்டும் என்ற நிபந்தனையை அடுத்த ஒப்பந்தத்திலிருந்து சேருங்கள்.